பேர் போடுவது யார்?

மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். காலையில் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மாதம் முடிந்து சம்பளம் வரும்போது இத்தனை பேருக்கு இத்தனை ரூபா என்றுதான் கணக்கு வரும். ஒரு மனிதரின் நாளுக்கு 'பேர்' என்ற சொல்லை யார் முதலில் வைத்தார்களோ தெரியாது. ஆனால் சம்பளம் பற்றி நம் நாட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு முழுவதும் இந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்த வழக்கில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு பேருக்கு எத்தனை ரூபா என்பது ஒன்று. எதை ஒரு பேர் என்று எண்ணுவது என்பது மற்றொன்று. முதலாவது கேள்வி பாராளுமன்றம் வரை போயிருக்கிறது; வர்த்தமானியில் வந்திருக்கிறது; அதற்காக வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன; உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டாவது கேள்வியோ இன்றுவரை கொழுந்து நிறுக்கும் தராசடியிலேயே கிடக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தை யார் தீர்மானிக்க வேண்டும் என்று பேசுபவர்கள் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை அந்தப் பேச்சு பாதிப் பேச்சாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அதற்கான சான்றுகளை நம் நாட்டு வரலாற்றிலிருந்தே எடுத்து வைக்க முயல்கிறேன்.

முஸ்லிம் எழுத்தாளர்களின் சஞ்சிகையில் தோட்டத்துச் சம்பளம் எதற்கு என்று நினைக்கும் நண்பர்கள் இருக்கலாம். நான் பிறந்து வளர்ந்து இப்போது படிப்பித்துக்கொண்டிருக்கும் கிராமம் கண்டி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடைகளின் வாழ்வும் தாழ்வும் அந்தத் தோட்டத்தின் சம்பள நாளோடு கட்டுண்டவை. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன். முதலில் வரலாறு.

அச்சகத்தில் தொடங்கியது

இலங்கையில் பதிவான முதல் வேலைநிறுத்தம் 1893 இல் கொழும்பில் கேவ் கம்பனியின் அச்சகத்தில் நடந்தது. சுமார் 60 அச்சுத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களின் முறைப்பாடு சம்பளம் உரிய நாளில் கையில் கிடைக்கவில்லை என்பதே. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி சொன்ன நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்நாட்டின் முதல் வேலைநிறுத்தம் இந்தக் காரணத்துக்காக நடந்தது என்பது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

அந்த வேலைநிறுத்தம் வெற்றி பெறவில்லை. ஆனால் அதையொட்டி அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒன்று உருவானது. இலங்கையின் முதல் தொழிற்சங்கம் அதுதான். அதன் தலைவர் லிஸ்போவா பின்டோ என்ற வைத்தியர். செயலாளர் ஏ. ஈ. புல்ஜன்ஸ், பின்னாளில் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பௌத்த ஆங்கிலப் பாடசாலையின் அதிபர். முதல் தொழிற்சங்கத்தின் கடிதங்களை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பதில் எனக்கு ஓர் அந்தரங்கமான மகிழ்ச்சி உண்டு.

கொழும்பில் இப்படி என்றால் மலையில் நிலைமை வேறு. 1865 ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சம்பளம் போதாது என்று வேலைக்குப் போகாமல் இருந்தாலே குற்றவாளி. அதற்கு மேல் 'துண்டு' என்ற முறை. தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. புதிய தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆள்களை எடுப்பார். கடன் அவர்களோடே புதிய தோட்டத்துக்குப் போகும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. சம்பளத்தைத் துரை தீர்மானித்தார். அதில் எவ்வளவு கையில் மிஞ்சும் என்பதைக் கங்காணி தீர்மானித்தார். தொழிலாளிக்குத் தீர்மானிக்க எதுவும் இருக்கவில்லை. துண்டு முறையும் சிறைத்தண்டனையும் 1920 களின் தொடக்கத்தில்தான் சட்டப்படி ஒழிந்தன.

வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து நிலைமையைப் பார்த்தார் என்று சொல்வார்கள். துணி மூட்டையோடு லயங்களுக்குப் போய்வந்த வியாபாரிகளில் நம்மவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். தோட்டத்தின் கதவு புடவைக்காரனுக்குத் திறந்திருந்தது. அந்தக் கதவால் நுழைந்தவர் பின்னர் பத்திரிகை நடத்தி, சட்டநிரூபண சபைக்குச் சென்று, 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தையே அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார்.

1929: இரண்டு வழிகள்

சம்பளத்தைத் தீர்மானிப்பதற்கு இந்நாடு கண்ட இரண்டு பெரிய வழிகளும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அந்த ஆண்டு 1929.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா 1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1923 பெப்ரவரியில் ரயில்வேயில் தொடங்கிய வேலைநிறுத்தம் துறைமுகத்துக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் பரவியது. சுமார் 20,000 பேர் அதில் கலந்துகொண்டனர். முதலாம் உலக யுத்தத்தின் பின் விலைவாசி ஏறியிருந்தது, சம்பளம் ஏறவில்லை. அந்த வேலைநிறுத்தத்திலும் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் கொழும்புத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் நகரம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நடந்தபோது மருதானையில் கலவரம் மூண்டது. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. அதே ஆண்டில் முதலாளிமார் தமக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்து, குணசிங்காவின் தொழிற்சங்கக் காங்கிரஸோடு ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பேசித் தீர்ப்பது என்ற வழி இவ்வாறு பிறந்தது.

மலையில் அதே 1929 இல் இன்னொரு வழி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1922 இல் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியிருந்தது. போகும் நாட்டில் தொழிலாளிக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று கேட்கும் உரிமை அதனால் இந்திய அரசாங்கத்துக்குக் கிடைத்தது. அதன் முகவர் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். ஆள் வரத்து நின்றுபோனால் தேயிலை அழிந்துவிடும் என்ற அச்சத்தில் இலங்கை அரசாங்கம் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டத்தால் வந்த நன்மை பெரிது. ஒரு துரை தன் மனம்போல் கூலியைக் குறைக்க இனி முடியாது. ஆனால் இந்த எண்கள் பிறந்தபோது தோட்டங்களில் தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லை. புதுடில்லி கேட்டது, தோட்டக்காரர் சங்கம் பதில் சொன்னது, கொழும்பு எழுதியது. யாருடைய கூலி பேசப்பட்டதோ அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர்கூட அங்கே இல்லை. பெண்ணின் ஒரு நாள் ஆணின் ஒரு நாளைவிட 11 சதம் மலிவு என்பதைச் சட்டமே எழுதி வைத்தது. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தால் வந்த கூலிக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்ததும், 1931 க்கும் 1933 க்கும் இடையில் அந்தக் குறைந்தபட்சக் கூலியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஏற்றிய கையே இறக்கியது. நடேசய்யர் கூட்டம் போட்டும் எழுதியும் எதிர்த்தார், தடுக்க முடியவில்லை. மலையில் வேலையை நிறுத்தக்கூடிய பலம் அன்று இன்னும் திரளவில்லை.

முல்லோயா

அந்தப் பலம் திரண்டது 1939 - 1940 இல். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்தது. இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கக் கிளையும் இடதுசாரிகளின் தோட்டத் தொழிலாளர் சங்கமும் மலையெங்கும் கிளைவிட்டன. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவர் நினைவுகூரப்படுகிறார். முல்லோயாவைத் தொடர்ந்து பொலிஸாரின் அதிகாரம் பற்றி எழுந்த சர்ச்சை பெப்ரவரியில் அரசாங்க சபை அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. ஒரு நாள் கூலியின் சில சதங்களுக்காக எழுந்த குரல் நாட்டின் ஆட்சியையே ஆட்டியது.

அதே 1940 இல் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களை அங்கீகரித்து ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தனர். 1941 இல் சம்பள நிர்ணய சபைகள் சட்டம் நிறைவேறியது. முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், அரசாங்கம் நியமிக்கும் உறுப்பினர்கள் என மூன்று தரப்பும் ஒரு மேசையில். தேயிலைக்கு ஒரு சபை, இறப்பருக்கு ஒரு சபை. அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுக்கேற்ப ஏறி இறங்கும் படி ஒன்றும் சேர்ந்தது. 1929 இன் இரண்டு வழிகளையும், அதாவது சட்டத்தையும் பேச்சுவார்த்தையையும், ஒன்றாகச் சேர்த்த ஏற்பாடு இது. இன்றைக்கும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

மூன்று தரப்பு மேசையில் இரண்டு தரப்பும் எதிரெதிரே வாக்களித்தால் முடிவு அரசாங்கம் நியமித்தவர்களின் கையில். அவர்களை நியமிப்பவர் அமைச்சர். அமைச்சரைத் தெரிவு செய்பவர்கள் வாக்காளர்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து அந்த வாக்கைப் பறித்தன. அதன் பிறகு மேசை இருந்தது. அதன் மூன்றாவது நாற்காலியில் யார் அமர்வது என்பதில் அவர்களுக்குக் குரல் இல்லாமல் போனது. வாக்குரிமைப் பறிப்பை நாம் இனப்பிரச்சினையின் அத்தியாயமாகவே படிக்கிறோம், படிப்பிக்கிறோம். அது ஒரு சம்பளப் பிரச்சினையும்தான்.

இவ்விடத்தில் நம் சமூகம் சம்பந்தப்பட்ட இரண்டு பெயர்களைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டங்கள் வந்த முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சு நம் ரீ. பி. ஜாயாவிடம் இருந்தது. ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய அந்தப் பெருமகனைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் அவர் தொழில் அமைச்சராக இருந்த ஆண்டுகள் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. மற்றவர் அப்துல் அஸீஸ். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம். தோட்டத் தொழிலாளரின் தலைவர். இந்தியக் காங்கிரஸிலும் பின்னர் 1956 இல் உருவான ஜனநாயக தொழிலாளர் காங்கிரஸிலும் முன்னின்றவர். அவரைப் பற்றி நம் சஞ்சிகைகளில் நான் எதையும் வாசித்ததில்லை. ஒருவர் அமைச்சரவை மேசையில், ஒருவர் தொழிலாளர் பக்கத்தில். இருவரையும் சேர்த்து எழுதும் ஒரு கட்டுரைக்கு நம் இளம் ஆய்வாளர்களை அழைக்கிறேன்.

கடைக் கொப்பி

எங்கள் வாப்பா சந்தியில் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். தோட்டத்தில் மாதா மாதம் பத்தாம் திகதி சம்பளம். அன்று பின்னேரம் கடையில் நிற்க இடமிருக்காது. அரிசி, மா, பருப்பு, கருவாடு எல்லாம் மாதம் முழுவதும் கடனுக்குப் போகும். நீளக் கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். கடன் கொடுக்குமுன் வாப்பா ஒரு கேள்வி கேட்பார்: "இந்த மாசம் எத்தனை பேர் விழும்?" ஒரு பேருக்கு எத்தனை ரூபா என்று அவர் கேட்டதில்லை, அது ஊருக்கே தெரிந்த கணக்கு. மழை கூடினால், வறட்சி வந்தால், தோட்டம் வேலை நாளைக் குறைத்தால் பேர் குறையும். கொப்பியில் கடன் ஏறும். சம்பள உயர்வு வந்த மாதத்திலும் கடன் குறையாத பக்கங்கள் உண்டு.

இதைச் சொல்வது நம் கடைக்காரர்களைப் புகழ்வதற்காக அன்று. கடனுக்குப் போகும் அரிசிக்கு ஒரு விலை, காசுக்குப் போகும் அரிசிக்கு ஒரு விலை வைத்த கடைகளும் இருந்தன. நான் சொல்ல வருவது, சம்பளத்தைப் பற்றி எந்த ஆணைக்குழுவும் கேட்காத கேள்வியை ஒரு சில்லறைக் கடைக்காரர் மாதா மாதம் கேட்டார் என்பது. பேரின் விலையும் பேரின் எண்ணிக்கையும் சேர்ந்ததுதான் சம்பளம்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு பயின்றவர்களில் தோட்டப் பிள்ளைகளும் இருந்தார்கள். விடுதியில் இரவு நேரங்களில் அவர்கள் சொன்னவை என் அறிவைத் திருத்தின. மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, சாக்குக்குக் கழிவு, ஒரு கிலோ குறைந்ததால் அம்மாவுக்கு விழுந்த அரைப்பேர். "சேர், எங்க அம்மாவோட நாளைத் தராசுதான் எழுதுது" என்றார் ஒருவர். நான் அப்போது சேர் ஆகவில்லை. பகிடிக்கு அப்படி அழைத்துக்கொள்வோம். ஆனால் அவர் சொன்னதில் பகிடி இல்லை.

நிறுத்தியபோது கிடைத்தது

1927 இல் சட்டம் எழுதி வைத்த ஆண் பெண் கூலி வேறுபாடு எப்போது நீங்கியது? 1984 இல். அந்த ஆண்டு ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் பலனாகத்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சபைகளும் அமைச்சர்களும் வந்து போனார்கள். சமமான கூலி நியாயம் என்று தெரியாதவர்கள் அல்லர். சுமார் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கொழுந்து முற்றிக் கிடந்தபோதுதான் அந்த நியாயத்துக்குக் கை கால் முளைத்தது.

ஆனால் வேலைநிறுத்தம் எப்போதும் வெல்லும் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தைத் தீர்மானிப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரே ஆகும்போது நிலைமை எப்படியிருக்கும் என்பதற்கு அரசாங்க ஊழியரின் வரலாறு சாட்சி. 1947 ஜூனில் வேலைநிறுத்த ஊர்வலம் ஒன்றில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பொலிஸாரின் சூட்டில் இறந்தார். 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியவர்களில் 40,000 க்கும் மேற்பட்டோர் தொழிலை இழந்தனர். அன்று வேலையிழந்து, பின்னர் தெருவில் பொருள் விற்றும் கூலி வேலைக்குப் போயும் குடும்பத்தைக் காத்தவர்களின் கதைகளை நம் தலைமுறை கேட்டே வளர்ந்தது.

2021 இல் ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக நாங்கள் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது எங்கள் ஊரிலும் முணுமுணுப்பு எழுந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைக்கிறீர்களா என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. "காக்கா, 24 வருசமா கடிதம் எழுதினோமே, அப்ப யாரும் எங்களப் பார்க்கல்லையே" என்றுதான் சொல்ல முடிந்தது. கேட்டதில் மூன்றிலொரு பங்கு 2022 இல் கிடைத்தது. மீதி இரண்டு பங்கு பின்னரும் கோரிக்கையாகவே தொடர்ந்தது. பிள்ளைகள் இழந்த நாள்களும் திரும்பவில்லை. வேலைநிறுத்தம் இலவசமாகக் கிடைக்கும் ஆயுதம் அல்ல. அதன் விலையை நிறுத்துபவரோடு வேறு சிலரும் சேர்ந்து கொடுக்கிறார்கள். அதனால்தான் நிறுத்துமுன் பேசுவதற்கு உண்மையான ஒரு மேசை வேண்டும் என்கிறேன்.

ஆயிரமும் ஆயிரத்து எழுநூறும்

1970 களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. அதன் பின் சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தமே தீர்மானித்தது. ஒரு பக்கம் 1929 இல் பிறந்த அதே முதலாளிமார் சம்மேளனம். மறுபக்கம் பெரிய தொழிற்சங்கங்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை கையெழுத்து. 2009 ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 405 ரூபா என்று செய்தி வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 285. வருகைக் கொடுப்பனவு 90. மீதி 30 தேயிலை விலைப் பங்கு. வேலை கொடுத்த நாள்களில் 75 சதவீதம் வந்தால்தான் அந்த 90. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்ற தாய்க்கு 405 என்பது செய்தித்தாளில் மட்டும் இருந்த எண். 2016 இல் 730 என்றார்கள், அடிப்படை 500. பெரிய எழுத்தில் ஒரு தொகை, சிறிய எழுத்தில் ஒரு தொகை.

ஆயிரம் ரூபா கோரிக்கை எழுந்தது இதனால்தான். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டனர். தலைவர்கள் கையெழுத்திடும் மேசையில் தங்கள் பெற்றோருக்கு இடமில்லை என்ற கோபமும் அதில் இருந்தது. 2019 ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கியதோடு நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையே 900 ரூபாவும் வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாவும் என ஆயிரத்தை வர்த்தமானியில் அறிவித்தது. கூட்டு ஒப்பந்தம் முறிந்தது. ஒப்பந்தம் போனதோடு, அதில் எழுதப்பட்டிருந்த வேலை நிபந்தனைகளும் போயின. பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கொழுந்து நிறை கூட்டப்பட்டது; வேலை நாள்கள் குறைந்தன. பேரின் விலையைச் சட்டம் உயர்த்தியது. பேரைத் தராசு குறைத்தது.

2024 இலும் இதே கதை. 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் அந்த ஆண்டு செப்டெம்பரில் 1350 உறுதியானது. மேலதிகக் கொழுந்துக்கே மீதி. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் கம்பனிகளிடமிருந்து 200 ரூபா, திறைசேரியிலிருந்து வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா என 1750 க்கு வழி சொன்னது. கம்பனி கொடுக்கும் கூலியில் ஒரு பங்கைப் பொதுப் பணம் கொடுக்கும் புதிய ஏற்பாடு இது. வருகைக் கொடுப்பனவு என்ற பழைய பெயர் இங்கும் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வேலையே கொடுக்கப்படாத நாளுக்கு வருகை எப்படி விழும்?

கம்பனிகளின் வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. தேயிலையின் விலையை அவை நிர்ணயிப்பதில்லை. கொழும்பு ஏலத்தில் வாங்குபவன் நிர்ணயிக்கிறான். கூலி உற்பத்திச் செலவின் பெரும் பங்கு. விளைச்சலோடு சேர்த்துக் கூலியைப் பேச வேண்டும் என்கிறார்கள். பேசலாம். ஆனால் மீள்நடுகை செய்யாமல் கிழடாகிப்போன தேயிலைச் செடியும், காடு மண்டிய மலையும் கொழுந்தெடுப்பவளின் குற்றம் ஆகாது. விளைச்சலைக் கூலியோடு கட்டுவதானால், அந்த மலையை எப்படிப் பராமரிப்பது என்ற தீர்மானத்திலும் அவளுக்கு ஒரு சொல் இருக்க வேண்டும்.

யார் தீர்மானிப்பது?

நான் கண்ட விடை இதுதான். கூலியின் அடிமட்டத்தைச் சட்டம் தீர்மானிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பலவீனமானவன் விழுந்துவிடுவான். ஆனால் சட்டம் தனியே நின்றால் 1931 இல் போல ஏற்றிய கையே இறக்கும். அல்லது 2021 இல் போல விலை ஏறிப் பேர் குறையும். அடிமட்டத்துக்கு மேலே உள்ளதை இரு தரப்பும் பேச வேண்டும். அந்தப் பேச்சு ரூபாவோடு முடிந்துவிடக்கூடாது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ, மழை நாளுக்கு எவ்வளவு கழிவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பவையும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். பேசப் போகிறவர்களை அந்தந்தத் தோட்டத்துத் தொழிலாளரே, குறிப்பாகப் பெண்கள், தெரிவு செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வேலையை நிறுத்தும் உரிமை இருக்க வேண்டும். 1940 உம் 1984 உம் சொல்வது அதைத்தான்.

இந்த வரலாற்றை எழுதுவதற்கு ஆணைக்குழு அறிக்கைகளும் வர்த்தமானிகளும் போதா. எங்கள் வாப்பாவின் கொப்பிகள் அவர் மௌத்தான பிறகு பழைய கடதாசியோடு போய்விட்டன. ஆனால் கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், பதுளை, பண்டாரவளைக் கடைவீதிகளில் இன்னும் சில பழைய கடைகளின் அலுமாரிகளுக்குள் அப்படிப்பட்ட கொப்பிகள் கிடக்கக்கூடும். மாதா மாதம் எத்தனை பேர், எவ்வளவு அரிசி, எவ்வளவு மீதிக் கடன் என்று எழுதிய கணக்குகள். மலையகத்தின் சம்பள வரலாற்றில் நம் கையால் எழுதப்பட்ட பகுதி அது. கடையை இடித்துக் கட்டுமுன் அவற்றைத் தேடி எடுத்து ஒரு நூலகத்தில் சேர்க்க இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் முன்வந்தால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு நாம் செய்யும் உதவியாக இருக்கும்.